விம்பிள்டனை நேரில் பார்க்க: டிக்கெட், க்யூ, விசா, பயணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவின் பெரிய விளையாட்டுப் போட்டிகளுக்கு டிக்கெட் என்றால் மாதக்கணக்கில் முன்பே வாங்கியாக வேண்டும் என்பதுதான் பொது வழக்கம். லண்டனின் விம்பிள்டன் டென்னிஸ் இதில் தனி ரகம். ஆட்டம் நடக்கும் அன்று காலையில் வரிசையில் நின்று, உலகின் முதல்நிலை ஆட்டக்காரர் ஆடும் கோர்ட்டுக்கே டிக்கெட் வாங்கும் வழியை அவர்கள் இன்றும் விடாமல் வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சிட்னியிலிருந்தோ வருபவருக்கு உண்மையில் கைகொடுப்பது அந்த வரிசைதான். அதனால் இந்தப் பக்கத்தில் அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

போட்டி எப்போது நடக்கிறது? ஒரு நாளின் நேர அட்டவணை என்ன?

ஜூன் கடைசி அல்லது ஜூலை முதல் திங்களன்று தொடங்கி 14 நாள் நடக்கும். 2026-இல் ஜூன் 29 முதல் ஜூலை 12 வரை. முன்பெல்லாம் நடு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. 2022 முதல் அன்றும் ஆட்டம் உண்டு.

வாசல் காலை 10 மணிக்குத் திறக்கும். வெளிக் கோர்ட்டுகளில் 11 மணிக்கும், நம்பர் 1 கோர்ட்டில் பிற்பகல் 1 மணிக்கும், முதன்மை அரங்கமான சென்டர் கோர்ட்டில் 1.30-க்கும் ஆட்டம் தொடங்கும். ஒற்றையர் இறுதிப் போட்டிகள் 2025 முதல் மாலை 4 மணிக்கு மாற்றப்பட்டுள்ளன. இரவு 11 மணிக்கு மேல் ஆடக் கூடாது என்பது உள்ளூராட்சியின் நிபந்தனை. 2012-இல் ஆண்டி மரே ஆடிய ஒரு ஆட்டம் 11.02-க்கு முடிந்ததே பெரிய பேச்சானது என்றால் எவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் வாங்க என்னென்ன வழிகள்?

முக்கியமாக நான்கு. முந்தைய ஆண்டே விண்ணப்பிக்கும் குலுக்கல், அன்றன்றைக்கு நிற்கும் க்யூ, டிபென்ச்சர் இருக்கை, சாப்பாட்டோடு சேர்ந்த விருந்தோம்பல் தொகுப்பு. இவை தவிர, போட்டி நெருங்கும்போது திரும்பி வந்த கொஞ்சம் டிக்கெட்டுகளை விம்பிள்டன் தன் இணையக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு விற்கும். அது சில நொடிகளில் தீர்ந்துவிடும். கிடைத்தால் அதிர்ஷ்டம், அதை நம்பி விமான டிக்கெட் போடாதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் குலுக்கலில் கலந்துகொள்ளலாமா?

கலந்துகொள்ளலாம். மைவிம்பிள்டன் என்ற இலவசக் கணக்கைத் தொடங்கி, முந்தைய ஆண்டின் செப்டம்பர் வாக்கில் குலுக்கல் திறக்கும்போது விண்ணப்பிக்க வேண்டும். அதாவது 2027 ஜூலையில் பார்க்க விரும்புபவர் 2026 செப்டம்பரில் தயாராக இருக்க வேண்டும். பெரும்பாலானோர் இதைத்தான் தவறவிடுகிறார்கள். ஏப்ரல் மாதம் தேட ஆரம்பிக்கும்போது குலுக்கல் முடிந்து பல மாதம் ஆகியிருக்கும்.

கட்டுப்பாடுகளைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். நாளையும் கோர்ட்டையும் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது; கணினி எதைக் கொடுக்கிறதோ அதை வாங்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு டிக்கெட். ஒரே வீட்டு முகவரியிலிருந்து ஒரு விண்ணப்பம்தான்; கணவன், மனைவி இருவரும் தனித்தனியாகப் போட்டால் இரண்டுமே தள்ளுபடி ஆகக்கூடும். டிக்கெட்டை வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. விண்ணப்பித்தவர் அடையாள அட்டையோடு நேரில் வந்தாக வேண்டும்.

குலுக்கலில் பெயர் வந்தும் கோட்டைவிடுவது பெரும்பாலும் பணம் கட்டும் கட்டத்தில். மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டிக்குப் போய்விடும், கெடு தாண்டிவிடும். இந்திய வங்கி அட்டை வைத்திருப்பவர்கள் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் முன்பே இயக்கி வைக்க வேண்டும். இயக்காவிட்டால் கட்டணம் நிராகரிக்கப்படும், டிக்கெட் அடுத்தவருக்குப் போய்விடும்.

டிபென்ச்சர் டிக்கெட் என்றால் என்ன? அதை வாங்குவது சட்டப்படி சரியா?

சரிதான். விம்பிள்டனில் கைமாற்றி விற்க அனுமதி உள்ள டிக்கெட் அது ஒன்றே. மைதானக் கட்டுமானத்துக்குப் பணம் திரட்ட, ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை சென்டர் கோர்ட், நம்பர் 1 கோர்ட் இருக்கைகளைக் கடன் பத்திரமாக விற்கிறார்கள். 2026 முதல் 2030 வரையிலான சென்டர் கோர்ட் பத்திரம் ஒன்றின் விலை 1,16,000 பவுண்டு. அதை வைத்திருப்பவர் தான் போகாத நாட்களின் டிக்கெட்டை விற்கலாம். விலை சந்தை நிலவரப்படி. முதல் வாரத்திலேயே பல நூறு பவுண்டு, இறுதிப் போட்டிக்கு ஆயிரங்களில். பணம் ஒரு பொருட்டல்ல, தேதி மட்டும் உறுதியாக வேண்டும் என்பவருக்கு இதுவும் விருந்தோம்பல் தொகுப்பும்தான் வழி. தொகுப்பை விற்கும் அதிகாரம் பெற்ற முகவர்களின் பெயர் விம்பிள்டனின் இணையதளத்திலேயே இருக்கும். அங்கே பெயர் இல்லாதவரிடம் வாங்காதீர்கள்.

மறுவிற்பனைத் தளங்களில் டிக்கெட் வாங்கலாமா?

டிபென்ச்சர் அல்லாத டிக்கெட் எதையும் வாங்கவே வாங்காதீர்கள். அப்படிக் கைமாறிய டிக்கெட் செல்லாது, வாசலில் நிறுத்திவிடுவார்கள். ஸ்டேஷன் வெளியே நின்று "டிக்கெட் வேணுமா" என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். கடல் தாண்டி வந்து வாசலில் திரும்புவதைவிட, அந்தப் பணத்தில் ஒரு டென்ட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் வாங்கிக்கொண்டு க்யூவில் நிற்பது எவ்வளவோ மேல்.

க்யூ எப்படி இயங்குகிறது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

மைதானத்துக்கு எதிரே உள்ள விம்பிள்டன் பார்க் புல்வெளியில்தான் க்யூ. சவுத்ஃபீல்ட்ஸ் ஸ்டேஷனில் இறங்கினால் வழிகாட்டிப் பலகைகள் நேராக அங்கே கொண்டுபோய் விடும்.

உள்ளே நுழைந்ததும் வரிசையின் கடைசி எங்கே என்பதைக் கொடி பிடித்த ஸ்டூவர்டு (வரிசையைக் கவனிக்கும் ஊழியர்) ஒருவர் காட்டுவார். அங்கே போய் நின்றதும் உங்களுக்கு ஒரு க்யூ கார்டு. அதில் தேதியும் வரிசை எண்ணும் இருக்கும். இந்த எண்தான் அன்றைய உங்கள் தலையெழுத்து. இப்போது விம்பிள்டன் செயலியும் மைவிம்பிள்டன் கணக்கும் இந்த இடத்திலேயே தேவைப்படுகின்றன. இரண்டையும் ஊரில் இருக்கும்போதே போனில் ஏற்றி, ஒருமுறை உள்நுழைந்து பார்த்துவிட்டு வாருங்கள். பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையத்தைப் பயன்படுத்தும்போது கடவுச்சொல்லை மீட்டெடுப்பது பெரும் பாடு.

இரவு தங்குபவர்கள் வரிசையில் தங்கள் இடத்திலேயே டென்ட் போடலாம். இருவர் படுக்கும் டென்ட் வரைதான் அனுமதி. இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. காலை 5, 6 மணி வாக்கில் ஸ்டூவர்டுகள் வந்து எழுப்புவார்கள். டென்ட்டை மடித்து, அங்கேயே உள்ள சாமான் காப்பகத்தில் கட்டணம் கட்டி ஒப்படைத்துவிட்டு, முன்னால் நெருங்கி நிற்க வேண்டும். இரவில் பரந்து கிடந்த வரிசை அரை மணி நேரத்தில் சுருங்கிவிடும்.

ஏறத்தாழ 7.30 மணிக்குக் கைப்பட்டை கொடுக்க ஆரம்பிப்பார்கள். சென்டர் கோர்ட், நம்பர் 1, நம்பர் 2 ஒவ்வொன்றுக்கும் தினமும் சுமார் 500 டிக்கெட் க்யூவுக்கு ஒதுக்கப்படுகிறது (சென்டர் கோர்ட்டுக்குக் கடைசி நான்கு நாள் தவிர). வரிசைப்படி ஒவ்வொருவரிடமும் எந்தக் கோர்ட் வேண்டும் என்று கேட்டு அதற்கான பட்டையைக் கையில் கட்டுவார்கள். தேர்வு உங்களுடையது. உங்கள் எண் 300 ஆக இருந்தாலும் அன்று உங்களுக்குப் பிடித்தவர் நம்பர் 1 கோர்ட்டில் ஆடினால் அந்தப் பட்டையைக் கேட்கலாம். கட்டிய பட்டையைக் கழற்றினால் செல்லாது.

அதன்பின் பாதுகாப்புச் சோதனை, பிறகு வாசலில் டிக்கெட். பணம் அட்டையில் மட்டும். ஆளுக்கு ஒரு டிக்கெட். நண்பருக்கும் சேர்த்து வாங்க முடியாது. க்யூவில் கிடைக்கும் சென்டர் கோர்ட் இருக்கைகள் பெரும்பாலும் ஆடுகளத்தை ஒட்டிய கீழ்வரிசைகளில் இருப்பவை. குலுக்கலில் வென்றவர் மேல்தளத்தில் உட்கார்ந்திருக்க, புல்வெளியில் படுத்து எழுந்தவர் சர்வ் போடும் சத்தம் நெஞ்சில் இடிக்கும் தூரத்தில் உட்காருவார்.

எத்தனை மணிக்கு வரிசைக்குப் போக வேண்டும்?

எந்த டிக்கெட் வேண்டும் என்பதைப் பொறுத்தது. முதல் வாரத்தில் சென்டர் கோர்ட் வேண்டுமானால் முந்தைய நாள் பிற்பகலிலேயே போய்விடுங்கள். பெரிய பெயர்கள் ஆடும் நாளென்றால் காலையிலேயே. நம்பர் 1, நம்பர் 2 கோர்ட்டுக்கு முந்தைய நாள் மாலை போதும் என்பது பொதுக் கணக்கு, ஆனால் வார இறுதியில் இந்தக் கணக்கு தவறும். வெறும் கிரவுண்ட்ஸ் பாஸ் (மைதானத்துக்குள் நுழைந்து வெளிக் கோர்ட்டுகளில் மட்டும் பார்க்கும் டிக்கெட்) போதுமென்றால் இரவு தங்கவே வேண்டாம்; காலை 6 மணிக்குள் வரிசையில் இருந்தால் ஆட்டம் தொடங்கும் நேரத்தை ஒட்டி உள்ளே போகலாம். 9 மணிக்கு வந்தால் மதியத்துக்கு மேல் ஆகலாம். உள்ளே இருப்பவர்கள் கிளம்பக் கிளம்பத்தான் பின்னால் வருபவர்களை விடுவார்கள்.

வேலை முடித்து 5 மணிக்கு மேல் வருபவர்களும் உண்டு. ஜூலையில் லண்டனில் சூரியன் மறைய இரவு 9.20 ஆகிவிடும் என்பதால் மாலை 6 மணிக்கு நுழைந்தாலும் மூன்று மணி நேரம் பார்க்கலாம்.

மறுநாள் யார் எங்கே ஆடுகிறார் என்று முன்பே தெரியுமா?

முந்தைய நாள் பிற்பகலில் ஆட்ட வரிசை வெளியாகும். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் சென்டர் கோர்ட் எண்ணுக்குத் தாமதமாகிவிடும் என்பதுதான் சிக்கல். ஒரு மரபு உதவும்: சென்ற ஆண்டின் ஆண்கள் சாம்பியன் முதல் திங்களன்றும், பெண்கள் சாம்பியன் செவ்வாயன்றும் சென்டர் கோர்ட்டில் ஆட்டத்தைத் தொடங்கி வைப்பார்கள். முதல் சுற்றுகளில் ஒருவர் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆடுவார் என்பதால், திங்களன்று ஆடி வென்றவர் புதனன்று வருவார் என்று ஊகிக்கலாம்.

இரவு தங்க என்ன கொண்டுபோக வேண்டும்?

ஜூலைதானே, வெயில்தானே என்று வராதீர்கள். லண்டனின் ஜூலை இரவு 10, 12 டிகிரிக்கு இறங்கும். புல் பனியில் நனைந்திருக்கும். சென்னை, யாழ்ப்பாணம், கோலாலம்பூர் வெப்பத்துக்குப் பழகிய உடம்புக்கு அது நல்ல குளிர். ஸ்லீப்பிங் பேக், தரையில் விரிக்க ஒரு மெத்தை அல்லது பாய், தடித்த சாக்ஸ், ஒரு ஸ்வெட்டர், மழைக்கோட்டு. குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும், ஆகவே போர்வையைவிடக் கீழே விரிப்பது முக்கியம். காலை 4.45-க்கே விடிந்துவிடும், கண்பட்டையும் காதடைப்பானும் இருந்தால் நாலு மணி நேரமாவது தூங்கலாம். மின்சாரம் கிடையாது, பவர் பேங்க் நிறைய சார்ஜோடு வேண்டும். டிக்கெட்டும் போனில், பணமும் போனில் என்றான பிறகு இது வசதி அல்ல, அவசியம்.

அடுப்பு, நெருப்பு எதற்கும் அனுமதியில்லை. கழிப்பறை, குடிநீர், உணவு வண்டிகள் உண்டு. டென்ட்டை ஊரிலிருந்து தூக்கி வர வேண்டாம். லண்டனின் விளையாட்டுப் பொருள் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். விமான நிலையத்திலிருந்து நேராகப் பெரிய பெட்டியோடு க்யூவுக்கு வருவது நடக்காத காரியம். செக்-இன் செய்யும் அளவுப் பெட்டியைக் காப்பகத்தில் ஏற்க மாட்டார்கள். முதலில் அறைக்குப் போய்ப் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள். காப்பகத்தில் வைத்த சாமானை அன்றே எடுத்துவிடவும் வேண்டும்.

என்ன செய்தால் க்யூவில் இடம் பறிபோகும்?

நீண்ட நேரம் ஆளில்லாமல் இடத்தை விட்டுப் போவது. கழிப்பறைக்கோ சாப்பாட்டுக்கோ போய்வர அரை மணி நேரம் என்பது விதி. டென்ட்டைப் போட்டுவிட்டு ஊர் சுற்றப் போனவரின் இடத்தை எடுத்துவிடுவார்கள். அடுத்தது, பின்னால் வரும் நண்பருக்கு இடம் பிடிப்பது. முடியவே முடியாது, ஒவ்வொருவரும் வந்த நேரத்துக்கு உரிய எண்ணோடுதான் நிற்க முடியும். குடும்பமாக வருபவர்கள் ஒன்றாகவே வந்து சேருங்கள். "அப்பா வண்டியை நிறுத்திவிட்டு வருகிறார்" என்றால், அப்பாவுக்கு எண் இருநூறு தள்ளிப் போய்விடும். க்யூ கார்டைத் தொலைப்பதும் கைமாற்றுவதும் அதே விளைவுதான்.

இந்தக் கண்டிப்பு எரிச்சலூட்டலாம். ஆனால் பல ஆயிரம் பேர் தள்ளுமுள்ளு இல்லாமல் இரவெல்லாம் ஒரு புல்வெளியில் நிம்மதியாகப் படுத்திருக்க முடிவது அதனால்தான்.

கிரவுண்ட்ஸ் பாஸ் வாங்குவதில் பயன் உண்டா, அல்லது பெரிய கோர்ட் டிக்கெட்தான் வேண்டுமா?

முதல் வாரத்தில் போகிறீர்கள் என்றால், எங்கள் கருத்தில் அதைவிடப் பெரிய லாபம் வேறில்லை. 2025-இல் முதல் வாரத்துக்கு 30 பவுண்டு. நம்பர் 3 முதல் 18 வரையிலான கோர்ட்டுகளில் முன்பதிவில்லாத இருக்கைகளிலும், நின்று பார்க்கும் இடங்களிலும் நாள் முழுக்கப் பார்க்கலாம். தரவரிசையில் முப்பதுக்குள் இருப்பவர்கள்கூட முதல் நாட்களில் இங்கேதான் ஆடுவார்கள். சில வெளிக் கோர்ட்டுகளில் ஆட்டக்காரருக்கும் உங்களுக்கும் இடையே இருப்பது ஒரு தாழ்வான தடுப்பு மட்டும். பந்து 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டிய புல்லில் பட்டு எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போவதும், அதை எடுக்க முழங்கால் தரையில் உரச ஆட்டக்காரர் குனிவதும் தொலைக்காட்சியில் ஒருபோதும் தெரியாதவை. முதல் வாரக் கடைசியில் வந்து பாருங்கள்: பின் எல்லைக் கோட்டின் அருகே பசுமை தேய்ந்து மண் தெரிய ஆரம்பித்திருக்கும், வலையருகே மட்டும் புல் அப்படியே இருக்கும். இன்றைய ஆட்டக்காரர்கள் பின்னாலிருந்தே ஆடுகிறார்கள் என்பதற்கு அந்தப் புல்தான் சாட்சி.

18-ஆம் கோர்ட்டில் ஒருமுறையாவது உட்காருங்கள். 2010-இல் இஸ்னரும் மாயூவும் மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிடம் ஆடி, கடைசி செட் 70-68 என முடிந்தது அங்கேதான். அதற்கான நினைவுப் பலகையும் இருக்கிறது.

கூட்டம் அதிகமுள்ள கோர்ட்டுகளில் ஆட்டம் பாதியில் இருக்கும்போது உள்ளே விட மாட்டார்கள். ஆட்டக்காரர்கள் பக்கம் மாறும் இடைவேளையில், வெளியேறுபவர்களின் கணக்குப்படிதான் விடுவார்கள். எனவே பார்க்க விரும்பும் ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தின் பாதியிலேயே போய் இடம் பிடித்துவிடுவது பழக்கப்பட்டவர்கள் செய்யும் வேலை. கால் ஓய்ந்தால் ஹென்மன் ஹில் என்று எல்லோரும் அழைக்கும் புல்மேட்டில் உட்கார்ந்து பெரிய திரையில் சென்டர் கோர்ட் ஆட்டத்தைப் பார்க்கலாம்.

இரண்டாம் வாரத்தில் நிலைமை மாறும். ஒற்றையர் ஆட்டங்கள் பெரிய கோர்ட்டுகளுக்குள் சுருங்கிவிடும். வெளியே இரட்டையர், ஜூனியர், சக்கர நாற்காலி ஆட்டங்கள் இருக்கும். கிரவுண்ட்ஸ் பாஸ் விலையும் வரிசை நீளமும் குறையும். ஜூனியர் ஆட்டங்களைப் பொருட்படுத்தாமல் போகாதீர்கள்: 1954-இல் ராமநாதன் கிருஷ்ணனும் 1979-இல் அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணனும் இங்கே ஜூனியர் பட்டம் வென்றவர்கள். ராமநாதன் 1960, 1961 இரண்டு ஆண்டுகளும் பெரியவர்களின் அரையிறுதி வரை போனார். தோற்றது அந்தந்த ஆண்டின் சாம்பியன்களான நீல் ஃபிரேசரிடமும் ராட் லேவரிடமும். சென்னையிலிருந்து வருபவர் அந்தப் புல்லைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

கிரவுண்ட்ஸ் பாஸோடு உள்ளே போய், சென்டர் கோர்ட்டில் உட்கார வழி இருக்கிறதா?

இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பெரிய கோர்ட் டிக்கெட் வைத்திருப்பவர்கள் மாலையில் கிளம்பும்போது தங்கள் இருக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகலாம். அந்த இருக்கைகளைப் பிற்பகல் 3 மணி வாக்கிலிருந்து மீண்டும் விற்பார்கள். சமீப ஆண்டுகளில் சென்டர் கோர்ட் 15 பவுண்டு, மற்றவை 10 பவுண்டு. அந்தப் பணம் அறப்பணிக்குப் போகிறது. மைதானத்துக்குள் இருந்தபடி செயலியில் மெய்நிகர் வரிசையில் சேர வேண்டும். உங்கள் முறை வந்ததும் புல்மேட்டின் உச்சியில், 18-ஆம் கோர்ட்டுக்கு வடக்கே உள்ள மறுவிற்பனை நிலையத்துக்குப் போகச் சொல்லும். அழைப்பு வந்ததும் உடனே போக வேண்டும். செயலி திறந்தவுடன் சேர்ந்துகொள்பவருக்குத்தான் வாய்ப்பு. 5 மணிக்கு ஞாபகம் வந்து சேர்பவருக்கு இரவு 8 ஆகலாம். அப்போதும் கூரை மூடி விளக்கொளியில் நடக்கும் ஆட்டம் ஒன்று பாக்கி இருக்கக்கூடும்.

அரையிறுதி, இறுதிப் போட்டிக்கு க்யூவில் டிக்கெட் கிடைக்குமா?

சென்டர் கோர்ட்டுக்குக் கடைசி நான்கு நாட்களும் கிடையாது. குலுக்கல், டிபென்ச்சர், விருந்தோம்பல் மட்டும்தான். 2024-இல் ஆண்கள் இறுதிப் போட்டியின் குலுக்கல் விலை 275 பவுண்டு.

விசா?

பிரிட்டன் ஷெங்கன் பகுதியில் இல்லை. பிரான்ஸ், ஜெர்மனி போகும் ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு லண்டன் வர முடியாது. ஐரோப்பியச் சுற்றுப்பயணத்தில் விம்பிள்டனைச் செருகுபவர்கள் அடிக்கடி இடறும் இடம் இது. இரண்டு நாடும் போவதாக இருந்தால் இரண்டு விசா. பாரிஸிலிருந்து லண்டன் வந்து மீண்டும் பாரிஸ் போவதாக இருந்தால், ஷெங்கன் விசா பலமுறை நுழைவு அனுமதி உடையதா என்றும் பாருங்கள்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வழக்கமான வருகையாளர் விசா வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். விரல்ரேகை கொடுத்த பின் முடிவுக்கு வழக்கமாக மூன்று வாரம். கோடையில் விரல்ரேகை கொடுக்கும் நேரம் கிடைப்பதே தாமதமாகும் என்பதால் ஏப்ரல் தொடக்கத்திலேயே வேலையை ஆரம்பியுங்கள். போட்டி டிக்கெட் இல்லாவிட்டாலும் விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, ஊர் திரும்புவதற்கான காரணம் ஆகியவைதான் பார்க்கப்படும்.

மலேசிய, சிங்கப்பூர், ஆஸ்திரேலிய, கனடிய, அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் 2025 ஜனவரி 8 முதல் இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். 2025 ஏப்ரலில் அதன் கட்டணம் 16 பவுண்டு ஆனது. கட்டணங்கள் மாறக்கூடியவை, பிரிட்டன் அரசின் தளத்தில் பார்த்துக் கட்டுங்கள், இடைத்தரகர் தளத்தில் அல்ல.

எங்கே தங்கினால் வசதி? எப்படிப் போவது?

லண்டன் சுரங்க ரயிலில் டிஸ்ட்ரிக்ட் லைன் என்ற தடத்தின் விம்பிள்டன் கிளையில் எங்கே தங்கினாலும் நல்லது. எர்ல்ஸ் கோர்ட், ஃபுல்ஹாம், ஈஸ்ட் பட்னி ஆகியவை கைக்கு அடக்கமான தூரம். இறங்க வேண்டியது சவுத்ஃபீல்ட்ஸ். அங்கிருந்து 15 நிமிட நடை. பெயரைப் பார்த்து விம்பிள்டன் ஸ்டேஷனில் இறங்கினால் நடை கூடும். ஹீத்ரூவிலிருந்து பிக்காடிலி லைனில் எர்ல்ஸ் கோர்ட் வந்து மாறலாம். பயணத்துக்குத் தனி டிக்கெட் வேண்டாம். கான்டாக்ட்லெஸ் வங்கி அட்டையையே வாசலில் தட்டலாம். ஏறும்போது தட்டிய அதே அட்டையை இறங்கும்போதும் தட்ட வேண்டும், போனில் ஒருமுறை, அட்டையில் ஒருமுறை என்று மாற்றினால் இரண்டிலும் அதிகக் கட்டணம் பிடிப்பார்கள்.

பை, சாப்பாடு, உடை பற்றி என்ன விதி?

ஆளுக்கு ஒரு பை, 40 × 30 × 30 செ.மீ. அளவுக்குள். கெட்டியான பெட்டி, செல்ஃபி குச்சி, 300 மி.மீ.க்கு மேற்பட்ட கேமரா லென்ஸ் ஆகியவற்றுக்கு அனுமதியில்லை. சாப்பாடு எடுத்துப் போகலாம். தயிர்சாதமோ சப்பாத்தியோ டப்பாவில் கட்டிக்கொண்டு போய்ப் புல்மேட்டில் சாப்பிட யாரும் தடை சொல்ல மாட்டார்கள். உள்ளே விலை அதிகம். புகழ்பெற்ற ஸ்ட்ராபெரியும் க்ரீமும் மட்டும் விதிவிலக்கு. 2010 முதல் 2024 வரை 2.50 பவுண்டாகவே வைத்திருந்து 2025-இல்தான் 2.70 ஆக்கினார்கள். வெள்ளை உடை ஆட்டக்காரர்களுக்கு மட்டும்தான். பார்வையாளருக்கு அப்படி எந்த விதியும் கிடையாது.

நம் ஊர்ச் சாப்பாடு வேண்டுமானால் மைதானத்தின் அருகே போகும் 493-ஆம் எண் பேருந்தில் டூட்டிங் போங்கள். தோசை, கொத்து ரொட்டிக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. விம்பிள்டனிலேயே எஃப்ரா சாலையில் 1981 முதல் ஸ்ரீ கணபதி கோயில் இருக்கிறது.

சிறு குழந்தைகளோடு, வயதானவர்களோடு போகலாமா?

ஐந்து வயதுக்குட்பட்டவர்களைப் பெரிய கோர்ட்டுகளுக்குள் விட மாட்டார்கள். வெளிக் கோர்ட்டுகளும் புல்மேடும் அவர்களுக்குப் போதும். பெரியவர்களை இரவு க்யூவுக்கு அழைத்துப் போக வேண்டாம் என்பதே எங்கள் ஆலோசனை. சக்கர நாற்காலி இடங்களுக்குத் தனிக் குலுக்கல் உண்டு. முதியவர்களோடு வருபவர்கள் இரண்டாம் வாரத்தில் காலை தாமதமாக வந்து கிரவுண்ட்ஸ் பாஸ் எடுப்பது சிரமமில்லாத வழி.

மழை வந்தால் பணம் போய்விடுமா?

சென்டர் கோர்ட்டுக்கு 2009 முதலும் நம்பர் 1 கோர்ட்டுக்கு 2019 முதலும் கூரை உண்டு. அங்கே ஆட்டம் நடக்கும். மற்ற கோர்ட்டுகளில் நாள் முழுவதும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் முழுப் பணமும், ஒன்றிலிருந்து இரண்டு மணிக்குள் என்றால் பாதியும் திரும்ப வரும். மழை நாளில் எளிதில் கிளம்பிவிடாதீர்கள்: தூறல் நின்றதும் கூட்டம் பாதியாகக் குறைந்திருக்கும், நின்ற ஆட்டங்கள் எல்லாம் இருட்டும்வரை ஓடும்.

தேதி ஒத்துவரவில்லை. வேறு வழி?

போட்டிக்கு முந்தைய வாரம் லண்டனில் இருப்பவர்கள் ரோஹாம்ப்டனில் நடக்கும் தகுதிச் சுற்றைப் பார்க்கலாம். டிக்கெட் இணையத்தில், விலை மிகக் குறைவு. முதன்மைப் போட்டிக்குள் நுழைய மூன்று ஆட்டம் வெல்ல வேண்டியவர்கள் என்பதால் ஆட்டத்தில் உயிர் இருக்கும். மற்ற மாதங்களில் வருபவர்களுக்கு மைதானத்திலுள்ள அருங்காட்சியகமும் வழிகாட்டியோடு கூடிய சுற்றும் உண்டு. அந்தச் சுற்று போட்டி நாட்களில் நடக்காது. மற்ற நாட்களிலும் முன்பதிவு செய்துவிட்டே போங்கள்.